புடவைக்கு ஐந்நூறு

முள்ளிப்பட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செல்லியம்மாளை சத்துணவு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டீச்சர் இல்லை, சத்துணவு அமைப்பாளர். அரிசி, பருப்பு, முட்டைக்குக் கணக்கு எழுதுகிறவள். முட்டை விஷயத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்தால் நூற்றுப் பன்னிரண்டு முட்டை. ஒன்று உடைந்துபோச்சு என்று சமையல்காரம்மா சொன்னால், உடைந்த ஓட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ஆனால் சாப்பிடுகிற பிள்ளை இன்னொரு கரண்டி கேட்டால் அவள் முகம் மலர்ந்துவிடும். "கேளு ராஜா, கேட்டு வாங்கித் துன்னு" என்பாள்.

அதற்குக் காரணம் அவளுடைய அப்பா. வெம்பாக்கம் பக்கத்தில் சொந்தமாக ஒரு சாண் நிலம்கூட இல்லாத குடும்பம். அப்பா சின்னக்கண்ணு, பெரிய மகள் கல்யாணத்துக்கு ஒரு நிலக்காரரிடம் நாலாயிரம் ரூபாய் வாங்கினார். அதை அடைக்க ஏழு வருஷம் ஆனது. அந்த ஏழு வருஷமும் வீட்டில் அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு யாரும் பார்த்ததில்லை. போட்டதைச் சாப்பிட்டுக் கை கழுவி எழுந்துவிடுவார். கடைசித் தவணையை அவர் கொடுத்த அன்று நிலக்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்து அனுப்பினார். அன்று ராத்திரி அப்பா தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார். செல்லிக்கு அப்போது ஒன்பது வயசு. கடன் தீர்ந்தால் மனுஷனுக்குக் குரல் வரும் என்று அன்றைக்கே அவள் மனசில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

கட்டிக்கொண்டு வந்த இடம் பட்டுத் தறி வீடு. மாப்பிள்ளை அன்பழகன் நல்ல நெசவாளி, தங்கமான மனுஷன். குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். எதைக் கேட்டாலும் "இருக்கட்டும்" என்பார். கூரை ஒழுகினாலும் இருக்கட்டும், பல் வலித்தாலும் இருக்கட்டும். ஆரணி டவுனில் இருக்கும் நெடுஞ்செழியன் என்ற பட்டு முதலாளியிடம்தான் இருபது வருஷமாக அவர் நெய்கிறார். முதலாளி நீளவாட்டுப் பட்டு இழைகளான பாவும் ஜரிகையும் கொடுப்பார். அன்பழகன் அதை வீட்டுத் தறியில் ஏற்றி நெய்து கொடுத்து, புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வருவார். ஒரு பாவில் நான்கு புடவை இறங்கும். பாவு முடிந்தால் அடுத்த பாவு வரும். கூலியை ஏற்றிக் கேட்டது உண்டா என்றால், அதுவும் இருக்கட்டும்தான்.

2016 தை மாதம் அவர்கள் வீடு கட்டினார்கள். பழைய ஓட்டு வீட்டில் மழை வந்தால் மனுஷர்களைவிடத் தறியைத்தான் முதலில் மூட வேண்டியிருந்தது. செல்லியின் சம்பளச் சீட்டை வைத்து பேங்கில் எட்டு லட்சம் கடன் கிடைத்தது. மாதம் எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கு, பதினைந்து வருஷம். வரைபடத்தைப் பார்க்க வந்த பேங்கு இன்ஜினியர் நடு அறையில் போட்டிருந்த பள்ளத்தைக் காட்டி, "தண்ணித் தொட்டிய யாராவது வூட்டு நடுவுல கட்டுவாங்களா?" என்று கோபித்துக்கொண்டார். அது நெசவாளி காலை விட்டு உட்காரும் தறிக்குழி என்று புரியவைக்க அன்பழகனே பழைய தறியில் இறங்கி அரை முழம் நெய்து காட்ட வேண்டியிருந்தது.

ஒரு வருஷம் தவணை ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு நாள் செல்லி பேங்கிலிருந்து கணக்குத் தாளை வாங்கி வந்து, முட்டைக் கணக்கு பார்க்கிற கண்ணால் பார்த்தாள். முதல் தவணை எட்டாயிரத்து நூற்றுப் பதினான்கில் ஆறாயிரம் வட்டிக்குப் போயிருந்தது. அசலில் கழிந்தது வெறும் இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு. அவளுக்கு ரத்தம் கொதித்தது.

"ன்னாங்க, இத பாத்தீங்களா? எட்டு முட்டை குடுத்தா ஆறு முட்டைய அவங்களே துன்னுட்டு, ரெண்டுதான் கணக்குல வெக்கிறாங்க. இப்டியே போனா எட்டு லட்சத்துக்குப் பதினாலு லட்சத்து அறுபதாயிரம் கட்டணும்."

"பேங்குன்னா அப்டித்தான். இருக்கட்டும்" என்றார் அன்பழகன்.

"இருக்கக் கூடாது" என்றாள் செல்லி.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தறியிலிருந்து ஒரு புடவையை அறுத்து இறக்கினால், அந்தக் கூலியில் ஐந்நூறு ரூபாய் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். மாதத்துக்கு ஏழு புடவை என்றால் மூவாயிரத்து ஐந்நூறு. தவணை தன்பாட்டுக்குப் போகும். டப்பா அசலை அடிக்கும். மகள் இனியாவுக்கு அப்போது பதினோரு வயசு. அவள் அம்மாவின் போனில் கூட்டிக் கழித்துப் பார்த்து, "மா, இப்டிக் கட்டினா எட்டு ஒம்பது வருஷத்துல முடிஞ்சிடும்" என்றாள். அடுத்த புடவையை அறுத்ததும் அன்பழகனே ஐந்நூறை எடுத்து டப்பாவில் போட்டார்.

டப்பாவில் இருபதாயிரம் சேர்ந்ததும் செல்லி பெருமையாகக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் பார்த்தால், தவணை ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சமாகக் குறைந்திருந்தது. வருஷம் மட்டும் அப்படியே இருந்தது. மறுநாளே பேங்கில் போய் நின்றாள்.

"மாசா மாசம் இருநூறு ரூபா மிச்சம் ஆச்சேம்மா, சந்தோஷம்தானே?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"சார், இருநூறு ரூபா மிச்சம் புடிக்க நான் வரல. என்னை ஜல்தியா வெளிய அனுப்புங்கன்னு கேக்க வந்தேன்."

அதிகாரி சிரித்துவிட்டு, அதற்கு ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார். அங்கேயே நின்று எழுதினாள்: 'இத்தொகையை அசலில் கழிக்கவும். தவணையைக் குறைக்க வேண்டாம். காலத்தைக் குறைக்கவும்.' அதற்குப் பிறகு பணம் கட்டப் போகும்போதெல்லாம் அந்த மூன்று வரியும் கூடவே போனது. பிற்பாடு அவளைக் கண்டதுமே அந்த அதிகாரி, "காலத்தைக் குறைக்கவும் வந்துட்டாங்கப்பா" என்று சொல்லி வெள்ளைத்தாளை எடுத்து நீட்டுவார்.

இதனால் வீட்டில் வெட்டுப்பட்டவை பல. ஆரணிப் பக்கத்தில் இருந்துகொண்டு மட்டன் பிரியாணி வாங்காத வீடு என்று தெருவே கிண்டல் செய்தது. இனியாவுக்கு ஸ்கூட்டி கனவு இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது. கொரோனா வந்த வருஷம் டப்பா காலியாகவே கிடந்தது. புடவை விற்காமல் தெருவில் தறிச் சத்தமே நின்றுபோன நாட்கள் அவை. அப்போது நெடுஞ்செழியன் முதலாளி தன்னிடம் நெய்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூட்டை அரிசியும் இரண்டாயிரம் ரூபாயும் அனுப்பி வைத்தார். செல்லி அதை இன்றுவரை மறக்கவில்லை.

2024 டிசம்பரில், பதினைந்து வருஷக் கடன் ஒன்பதாவது வருஷத்தில் முடிந்தது. வீட்டுப் பத்திரத்தையும் பாக்கி இல்லை என்ற சான்றையும் கொடுத்துவிட்டு அதிகாரி எழுந்து நின்று கும்பிட்டார். வீடு வந்து சேர்ந்ததும் அன்பழகன், "இன்னைக்காவது பிரியாணி வாங்கலாமா?" என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவராக வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதே" என்றாள் செல்லி. "தறிக்குன்னு உங்க மொதலாளி கிட்ட வாங்கி வருஷக்கணக்கா நம்ம கிட்ட இருக்கிற அறுபதாயிரம்?"

"அது கடன் இல்ல செல்லி. அது முன்பணம். அது வேற."

"வாங்கினதுதானே? திருப்பிக் குடுக்கணும்தானே?"

"அது வேற" என்றார் மறுபடியும். அதற்கு மேல் விளக்கம் வரவில்லை. விளக்கிச் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை, விடாமல் கேட்கிற பொறுமை அவளுக்கு இல்லை. இவர் எதைத்தான் உடனே செய்வார் என்று முடிவு கட்டிக்கொண்டு, தவணைப் பணத்தையும் டப்பாப் பணத்தையும் ஐந்து மாதம் சத்தமில்லாமல் சேர்த்தாள். அவருக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கப் போகிறாளாம்.

வைகாசியில், பள்ளிக் கோடை விடுமுறை முடியப் போகிற சமயம். செல்லி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஆரணிக்குப் போனாள். வெறும் கையோடு பணத்தை நீட்டக் கூடாது என்று தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்து, நடுவில் அறுபதாயிரத்தை வைத்தாள். அப்பாவுக்கு நிலக்காரர் கொடுத்த மரியாதையைத் தான் முதலாளிக்குத் திருப்பிச் செய்வதாக அவளுக்கு நினைப்பு. முதலாளி வியாபாரமாகச் சென்னை போயிருந்தார். கணக்குப்பிள்ளை அருள்தாஸ் தாம்பாளத்தைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"அண்ணன்தான் குடுத்தனுப்பினாராக்கா?"

"அவரு குடுத்தா இன்னா, நான் குடுத்தா இன்னா? எங்க வூட்டுப் பணம்தான். கணக்க முடிச்சிடுங்க."

"முடிச்சிடவா?"

"முடிச்சிடுங்க" என்றாள் செல்லி, வாயெல்லாம் பல்லாக. அருள்தாஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அன்பழகன் பெயர் போட்ட பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். இதற்கு எதற்கு இந்த ஆள் இப்படி ஆகிறார் என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

நாலு நாள் கழித்துப் பாவின் கடைசிப் புடவையை அறுத்து எடுத்துக்கொண்டு அன்பழகன் முதலாளி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் கையில் கூலி இருந்தது, புதுப் பாவு இல்லை. தறி மேடையில் உட்கார்ந்து, பாவில்லாமல் தொங்கிய பழைய இழை நுனிகளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்க பாவு?" என்றாள் செல்லி.

"வேற தறிக்குக் குடுத்துட்டாங்களாம்."

"ஏன்?"

"நாமதான் வெத்தலை வெச்சி முன்பணத்தக் குடுத்துட்டமே. தறிக்காரன் மொதலாளிய வுட்டுட்டு வேற எடத்துக்குப் போறப்பதான் அப்டிக் குடுப்பான் செல்லி. அவங்க முன்பணம் நம்ம கிட்ட இருக்கிற வரைக்கும்தான் நாம அவங்க தறி. அதத் திருப்பிக் குடுத்தா, போய்ட்டு வரேன்னு அர்த்தம்."

செல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. பணத்தை மட்டும் கொடுத்திருந்தாலாவது சந்தேகமாக இருந்திருக்கும். வெற்றிலை பாக்கு வைத்து, பட்டுப் புடவை கட்டி, பல்லைக் காட்டி, முடிச்சிடுங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இருபது வருஷத் தொடர்பை இதைவிடச் சுத்தமாக அறுக்க யாராலும் முடியாது. "ஏங்க, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்று அழுகிற குரலில் கேட்டாள்.

"அது வேறன்னு சொன்னேனே" என்றார் அன்பழகன். அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முதலாளியைப் பார்த்து விஷயத்தைச் சொல்லலாம் என்றால் அவர் இன்னும் சென்னையிலிருந்து வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வீடு சத்தமில்லாமல் கிடந்தது. தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகிய இனியா, "இன்னாமா, வூடே பேஜாரா இருக்குது" என்றாள். தறி நின்றதில் வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் நின்றது. ஆனால் செல்லியை வாட்டியது அது அல்ல. வேலையில்லாமல் வாசலுக்கும் தறிக்குமாக நடந்துகொண்டிருந்த மனுஷனின் முகம்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு வேடிக்கை தொடங்கியது. வேறொரு பட்டு முதலாளியின் ஆள் பைக்கில் வந்து இறங்கினான். அன்பழகன் அண்ணன் தறி காலியாமே, எழுபதாயிரம் முன்பணம் தருகிறோம் என்றான். மத்தியானம் இன்னொருவர் வந்து எண்பது என்றார். சாயங்காலம் வந்தவர் ஒரு லட்சம் என்று சொல்லிவிட்டு, "உங்க கைக்குக் கூலியிலயும் புடவைக்கு நானூறு சேத்துத் தர்றோம்" என்றார். அன்பழகன் எல்லோருக்கும் டீ கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினார். கடைசி ஆள் போன பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானூறாமே செல்லி" என்றார். அவர் குரலில் இருந்தது சந்தோஷமா திகைப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்தச் செய்தி டவுனுக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் காலை நெடுஞ்செழியன் முதலாளியே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அறுபது வயசு, கனத்த உடம்பு. படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். செல்லி நீட்டிய தண்ணீரை வாங்கவில்லை.

"எவ்ளோக்குப் போறே அன்பழகா? லட்சம்னு பேசிக்கிறாங்க. போறது உன் இஷ்டம். எங்கிட்ட இன்னா கொறைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? நான் ஊர்ல இல்லாதப்ப வெத்தலை வெக்கச் சொல்லி பொம்பளைய அனுப்பறியே" என்றார். அவர் கோபமாகப் பேசத்தான் பார்த்தார், குரல் கம்மிவிட்டது.

செல்லி ஓடிப்போய் வீட்டுப் பத்திரத்தையும் பேங்குச் சான்றையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "மொதலாளி, அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் நான் பண்ண முட்டாத்தனம். பேங்குக் கடன் முடிஞ்சிது, இதையும் முடிச்சிட்டா நிம்மதின்னு நெனச்சேன். தறிக்காரங்க வழக்கம் எனக்குத் தெரியலீங்க. கொரோனாவுல நீங்க குடுத்த அரிசியத் துன்னவங்க நாங்க. உங்கள வுட்டுட்டுப் போவமா?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றைப் படித்தார். தேதியைப் பார்த்தார். பதினைந்து வருஷமா, ஒன்பதிலேயே முடிச்சிட்டீங்களா என்று கேட்டார். புடவைக்கு ஐந்நூறு என்ற கணக்கைச் செல்லி சொன்னாள். கேட்கக் கேட்க அவர் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. தாம்பாளத்தில் வாழைப்பழம் வைத்த கதை வந்தபோது வாய்விட்டே சிரித்துவிட்டார். தண்ணீர்ச் சொம்பை அவரே எடுத்துக் குடித்தார்.

"சரி, போவட்டும்" என்று சொல்லிப் பையைத் திறந்தார். "உன் அறுபதாயிரம் அப்டியே இருக்குது. இந்தா புடி. அருள்தாஸ் கிட்ட சொல்லிப் பழையபடி பேர எழுதிடறேன். நாளைக்குப் பாவு வந்துடும்."

பணக்கட்டு அன்பழகனுக்கு நேராக நீண்டது. வாங்கிக்கொண்டால் நாளைக்கே தறி ஓடும், அந்த மனுஷன் முகம் தெளியும். ஐந்து மாதச் சேமிப்பும் அவளுடைய வீம்பும்தான் வீண். போனால் போகட்டும், வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லச் செல்லி வாயெடுத்தாள். கணவர் எப்படியும் இருக்கட்டும் என்று சொல்லி வாங்கிவிடுவார் என்றும் அவளுக்குத் தெரியும்.

அன்பழகன் கையை நீட்டவில்லை. "பணம் வேணாங்க மொதலாளி. பாவு மட்டும் குடுங்க" என்றார்.

"முன்பணம் இல்லாம எப்டிப்பா? நாளைக்கு எவனாவது கூப்ட்டா நீ போய்ட மாட்டே?"

"நேத்தே மூணு பேரு கூப்ட்டாங்க. போவலியே. கட்டி வெச்சி இருக்கல, இஷ்டப்பட்டு இருக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்புறம், புடவைக்கு முன்னூறு ரூபா கூலி ஏத்திக் குடுங்க" என்றார்.

உள்ளே காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இனியா தலை வாருவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இருவது வருஷத்துல ஒரு வாட்டிகூட நீ கூலி ஏத்திக் கேட்டதில்லையே" என்றார் முதலாளி.

"எப்டீங்க கேக்கறது? இத்தினி வருஷம் உங்க பணம் என் கையில இருந்துதே."

முதலாளி பணக்கட்டைப் பையில் போட்டு மூடினார். "இருநூத்தம்பது" என்றார். "சரிங்க" என்றார் அன்பழகன். படி இறங்கும்போது முதலாளி செல்லியிடம் திரும்பி, "இவரு வாய நீதாம்மா தெறந்து வுட்டே. மத்த தறிக்காரங்க வூட்டுப் பக்கம் மட்டும் போய்டாதே, தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் பாவு வந்தது. அன்பழகன் காலையிலிருந்து உட்கார்ந்து புது இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்தார். அந்த வாரக் கடைசியில் முதல் புடவையை அறுத்து இறக்கினார். புதுக் கூலி வந்தது. செல்லி பழக்க தோஷத்தில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அன்பழகன் ஐந்நூறு ரூபாய்த் தாளை அதில் போடாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

டவுனிலிருந்து பிரியாணி வந்தபோது எட்டு மணி இருக்கும். இனியா தரையில் பேப்பர் விரித்தாள். செல்லி மூன்று பேருக்கும் பங்கு வைத்துவிட்டு, காலையில் பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டிய முட்டைக் கணக்கு நோட்டை ஓரமாக எடுத்து வைத்தாள். அன்பழகன் தலை நிமிராமல் சாப்பிட்டார். தட்டு காலியானது. வழக்கமாக அதோடு எழுந்து கை கழுவப் போய்விடுகிற மனுஷன், அன்று எழுந்திருக்கவில்லை.

"செல்லி" என்று தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு. கறியாப் பாத்துப் போடு."

செல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் தட்டில் இருந்த கறியையும் சேர்த்து அள்ளி அவருக்கு வைத்தாள்.